நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்க்ஸ்கேப் என்று ஒரு மென்பொருள். லோகோ, போஸ்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரையலாம். காசு கிடையாது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். 2003-ல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து நாலு பேர் பிரிந்து வந்து தொடங்கியது இது. அவர்கள் கேட்டது என்ன? எஸ்.வி.ஜி. என்ற பொதுத் தரத்தை முழுசாகப் பின்பற்ற வேண்டும். சி மொழியில் இருந்த நிரலை சி பிளஸ் பிளஸுக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

கதவு திறந்திருந்தால் வீட்டுக்கு ஒழுங்கும் வேண்டுமல்லவா? அங்கே வரியை உள்தள்ளி எழுத நாலு ஸ்பேஸ்; டேப் கூடாது. சிரிக்கிறீர்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். படிக்கிற மனுஷனுக்கு அப்படியில்லை. ஒரே டேப் ஒருவர் திரையில் நாலு இடம் தள்ளும், இன்னொருவர் திரையில் எட்டு. ஒருவர் இஷ்டத்துக்கு இடைவெளிகளை மாற்றி அனுப்பினால், நூறு வரி மாறியதாகக் காட்டும். உண்மையில் மாறிய ஒரே ஒரு வரி அதற்குள் ஒளிந்துகொள்ளும். பிழையும் அங்கேதான் ஒளியும்.

புது வசதிகள் விஷயமும் இப்படித்தான். முன்பு இங்க்ஸ்கேப்பில் ஒரு அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு. இணையப் பக்கங்களுக்கான சி.எஸ்.எஸ். தரத்திலோ 96. தரத்தோடு ஒத்துப்போக, 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்பில் 96 ஆக்கினார்கள். சரியான முடிவு. ஆனால் பழைய படங்களின் கதி? பழைய கணக்கில் 10 சென்டிமீட்டர் இருந்தது, புதிய கணக்கில் 9.375 ஆகிவிடும். திரையில் பார்ப்பவருக்கு அது பெரிசாகத் தெரியாது. லேசர் மிஷினில் பலகை வெட்டுகிறவருக்கோ ஒரு துண்டு இன்னொன்றில் பொருந்தாது, பலகை வீண். அதனால் பழைய கோப்பைத் திறக்கும்போது, இது திரைக்கான படமா, அளவு மாறாமல் வெளியே எடுக்க வேண்டியதா என்று கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டையும் வைத்தார்கள்.

2020-ல் 1.0 வந்தபோது, கீழே இடது மூலையில் இருந்த தொடக்கப் புள்ளி மேல் மூலைக்குப் போனது. பழைய முறைதான் கைவசம் என்பவர்கள் மாற்றிக்கொள்ளவும் வழி விட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் லேப் தேர்வில் புரோகிராம் ஓடினால் மார்க். வெளியே அது போதாது. நீங்கள் எழுதியதை நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். வேறொருவர் அதை நம்பிப் பிழைப்பு நடத்த வேண்டும். விவாதம் பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள். "எனக்கு எது பிடிக்கும்" என்று ஆரம்பிக்காமல், "இதனால் யாருக்குக் கஷ்டம்" என்று ஆரம்பியுங்கள்.

தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் பிறர் எழுதிய நிரல் ஒன்றை எடுத்து, அவர்கள் முறைப்படியே ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்புங்கள். வேலை கொடுக்கும் நிலையில் இருக்கும் நண்பர்களே, நேர்முகத் தேர்வில் மார்க் ஷீட்டைப் பார்ப்பதோடு அந்தத் திருத்தத்தையும் கேட்டுப் பாருங்கள்.