தனியாகக் கடக்க வேண்டாம்
(பிள்ளைச்சாவடியில் முதலாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கிற உங்களிடம் 'வாழ்க்கை மாற்றத்தைச் சமாளிப்பது எப்படி' என்று பேசச் சொன்னாங்க. மூச்சை இழுத்து விடு, நேரத்துக்குத் தூங்கு, நல்லதையே நினை என்று சொல்ல ஆள் நிறைய இருக்கு. தூக்கம் நல்லதுதான், நான் வேணாங்கல. ஆனால் நம்ம பிள்ளைக்கு வருகிற கலக்கத்தை அவன் மனசுக்குள்ளேயே தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி வெளியே கிடக்கிறது.

பாகூர் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெண் விடுதிக்கு வருகிறாள் என்று வையுங்கள். முதல் வாரமே கேட்பாங்க: எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? ரேங்க் எவ்வளவு? மூணும் ஒரே கேள்விதான். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால், "காலேஜ் பொண்ணு சேத்துல கால் வைக்குமா" என்று கேலி. அம்மாவிடம் அந்த மூணு கேள்வியைச் சொல்ல வாய் வராது. படிக்க வைக்க அம்மா வாங்கின கடன் ஞாபகம் வரும். இங்கேயும் ஒட்டல, அங்கேயும் ஒட்டல. கடைசியில் 'நான்தான் சரியில்லையோ' என்கிற இடத்துக்கு வந்து சேருவாள். அந்த இடம்தான் ஆபத்து.

இது புதுசு இல்ல. இதே புதுச்சேரியில் 1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் காலில் ஷூ போட்டு நீதிமன்றத்துக்குள் போனார். தடுத்தார்கள். வழக்கைப் பாரீஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். அவர் சேரியில் பிறந்தவரல்ல. அவருக்கே அந்த நிலை. பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்தது. இந்துச் சட்டம், சாதி வழக்கம் அடங்கிய சொந்தச் சட்ட நிலையைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகலாம். புதுசா குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அப்படிப் போனவர்கள்தான் ரெனோன்சான்கள். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். அதற்குக் கதவு என்று அர்த்தம். அந்தக் கதவு வழியாகக் குடும்பம் குடும்பமாகப் போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் கிறிஸ்தவர்களும். சாதி இந்துத் தலைவர்கள் கொதித்தார்கள். 1884இலேயே வாக்காளர் பட்டியலை மூன்றாக வெட்டினார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். பெயர் மாறிவிட்டது, ஆனால் புதுப் பெயருக்கும் ஒரு தனி வரிசை. கல்யாணம், வாரிசுரிமை பற்றித்தான் ஆணை பேசியது. சேரிக் கிணற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. கப்பலேறி சைகோன் போனவர்களுக்கு அந்தக் காகிதம் சம்பளமாகவும் பென்ஷனாகவும் பலன் தந்தது. 'சொல்தா வீடு' என்று இன்றைக்கும் சிலர் நக்கலாகப் பேசுவாங்க. நான் பேச மாட்டேன். கிடைத்த கதவில் நுழைவது கோழைத்தனம் இல்ல.

அம்பேத்கருக்கும் இது நடந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டு வாழ்க்கையில், தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே அவருக்குப் போயிருந்ததாம். பரோடா அதைத் திருப்பிக் கொடுத்தது. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். நண்பர்கள் இருவரைக் கேட்டார், இருவரும் நழுவினார்கள். ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். விரட்டப்பட்ட அந்த நாளில் அழுதார். ஆமாம் தோழர்களே, அழுதார். அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு மனவலிமை போதாது என்று எவனாவது சொல்வானா?

அதற்கப்புறம் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 1920இல் 'மூக்நாயக்' பத்திரிகை, 1924இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபை. இந்துவாகச் சாக மாட்டேன் என்று இயோலாவில் அறிவித்தது 1935இல். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14இல். நடுவில் 21 வருஷம். தன் ஒருத்தருக்காக மட்டும் என்றால் மறுநாளே போயிருக்கலாம். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய மாற்றத்தை லட்சக்கணக்கான சனங்களோடு சேர்ந்து செய்தார்.

ஆனால் கூட்டம் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கதை விட மாட்டேன். ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17இல் இழந்தோம். அவருக்குத் தோழர்கள் இருந்தார்கள். விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து பேரும் வெட்டவெளியில் ஒன்றாகப் படுத்திருந்தார்கள். உதவித்தொகையும் கைக்கு வராமல் நின்றிருந்தது. மனசை மட்டும் தேற்றி, வயிற்றையும் வாடகையையும் விட்டுவிட்டால் அது தேறுதலே இல்ல.

ஆகவே வேலையாகப் பேசுவோம். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களுக்கு மெஸ் காசு தர, வேலைக்குப் போய்விட்ட நம்ம ஆட்கள் மாதம் ஒரு தொகை போட வேண்டும். எவனாவது சாதி கேட்டால் அன்றைக்கே தேதி, இடம், சாட்சி எழுதி வையுங்கள். புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அந்த ராத்திரியே பக்கத்து அறைக் கதவைத் தட்டு. கதவு திறக்க வேண்டியது எங்க பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்க சேரிக்கு வந்து அம்மாக்களிடம் பேசுறோம். பிள்ளை ஏன் ஊமையாயிட்டான்னு அவங்களுக்கும் தெரியணும்.

விடுதி அறைப் பட்டியல் திங்கட்கிழமை ஒட்டுறாங்களாம். மூன்றாமாண்டுத் தோழர்கள் எழுந்து போவதற்கு முன்னால் பெயர் கொடுங்க. யார் யாரோட போறதுன்னு இப்பவே எழுதிக்குவோம்.