கூடிப் படித்தால் கரை சேரலாம்

(வெம்பக்கோட்டையில் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பட்டாசு அறையில் ஆள் கூடினால் ஆபத்து. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. படிப்பிலோ, ஆள் தனித்துப் போனால்தான் ஆபத்து. அதைப் பற்றியே பேச வந்தேன்.

நம் பிள்ளைகள் பலர் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிறார்கள். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 2017 முதல் மத்திய சர்க்காரின் ‘ஸ்வயம்’ மூலம் இணையத்திலேயே பாடம் கேட்கலாம். கதவு திறந்தது, நல்லதுதான். ஆனால் இலவச இணையப் பாடங்களில் சேருவோரில் மிகப் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். உலகம் பூராவும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை என்பது இதற்கு முக்கியமான ஒரு காரணம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவர்கள் பலர் கணிதத்தில் தோற்றார்கள். அக்கறை இல்லை, அடிப்படை போதாது என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்பவர் மாணவர்களுடனேயே இருந்து கவனித்தார். கருப்பின மாணவர்கள் பாடுபட்டுத்தான் படித்தார்கள்; ஆனால் தனித்தனியே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். கடினமான கணக்குகளைக் கொடுத்து எல்லோரையும் கூட்டாகப் படிக்க வைத்தார் டிரைஸ்மன். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் தேறினார்கள். குறை புத்தியில் இல்லை, தோழர்களே, தனிமையில் இருந்தது!

நாம் என்ன செய்யலாம்? நாலைந்து பேராகச் சேருங்கள். வாரம் ஒருவர் முறைவைத்துப் பாடத்தை விளக்கட்டும். புரியாதவர் முதலில் பேசட்டும். கைபேசியில் கூடினாலும் எல்லோரும் வாய் திறக்க வேண்டும். முடிந்தபோதெல்லாம் நேரிலும் கூட வேண்டும். ஒருவர் எழுத, நாலு பேர் பெயர் போட்டுக்கொள்வது கூட்டுப் படிப்பல்ல. ஒருவன் உழைப்பில் மற்றவன் பலன் எடுக்கும் பழைய வியாதி அது!

தாய்மார்களே, மகனை அனுப்புவதுபோல் மகளையும் அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்படி வேலையை வீட்டில் உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

2020-இல் கொரோனாவின்போது பார்த்தோம்: கைபேசி இருந்தவனுக்குப் பாடம், இல்லாதவனுக்கு வீதி. ஆகவே ஊர் நூலகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்; அங்கே இணைய வசதியும், கூடி உட்கார இடமும் வேண்டும் என்று கேட்போம்.

கூலி உயர்வைத் தனித்தனியே கேட்டு வாங்கியவர் யார்? படிப்பும் அப்படித்தான். கூடுங்கள், படியுங்கள்!