ஓட்டல் இனாமும் கூலியும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



கூட்டம் துவங்குவதற்கு முன் ஒரு தோழர் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சர்வருக்கு எவ்வளவு வைப்பது நியாயம்?" என்று அதில் கேட்டிருக்கிறார். அதைப் படித்ததும் மேடையில் இருந்த இரண்டொருவர் சிரித்தார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சங்கதிக்கு ஒரு பிரசங்கமா என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது சிரிக்கத்தக்க கேள்வியாகத் தோன்றவில்லை. ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் கொடுப்பது கூலியா, பிச்சையா என்கின்ற வழக்கு அந்தச் சீட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஆதலால் வேறு விஷயங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்றைக்கு இதைப்பற்றியே பேசிவிடலாம் என்று இருக்கிறேன்.

முதலாவது, நாம் யார் யாருக்கு இனாம் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சர்வருக்குக் கொடுக்கிறோம். லாட்ஜில் பெட்டி தூக்குகிறவருக்கும், முடி வெட்டுகிறவருக்கும், காஸ் சிலிண்டர் சுமந்து வருகிறவருக்கும் கொடுக்கிறோம். வைத்தியம் பார்த்த டாக்டருக்குப் பீஸ் கொடுக்கிறோமே, அதற்குமேல் ஒரு பத்து ரூபாயை அவர் மேஜையில் வைத்துவிட்டு வருகிறோமா? வைத்தால் அவர்தான் நம்மைச் சும்மா விடுவாரா? வக்கீலுக்கு வைக்கிறோமா? பாங்கி மானேஜருக்கு வைக்கிறோமா? இவ்வளவு தூரம் போவானேன்? அதே ஓட்டலில் ஒரு நாள் ஆள் பற்றாமல் முதலாளியே இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாரென்றால், அவருக்கு யாராவது இனாம் வைப்பார்களா? தட்டு அதுதான், சாம்பார் அதுதான், நடந்த நடையும் அதுதான். ஆனாலும் கை பாக்கெட்டுக்குப் போகாது. ஏன்? அவரை நமக்குச் சமமானவரென்றோ மேலானவரென்றோ கருதுகிறோம். ஆகவே இந்த இனாம் வேலையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறதல்லவா? நம் தேசத்தில் மேல்நோக்கிப் போகிற பணத்திற்குத் தக்ஷணை என்று பேர். வாங்குகிறவர் நிமிர்ந்து நின்று ஆசீர்வாதம் செய்வார், கொடுக்கிறவர்தான் குனியவேண்டும். கீழ்நோக்கிப் போகிற பணத்திற்கு இனாம் என்று பேர்; அங்கே வாங்குகிறவர் குனியவேண்டும். குனிகிற ஆள் எப்போதும் உழைக்கிற ஆளாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இனாம் கொடுப்பதே சுயமரியாதைக்கு விரோதம், நாளை முதல் நான் கொடுக்கமாட்டேன்" என்று பாக்கெட்டைத் தைத்துக்கொண்டு புறப்படும் தோழர்களும் இருப்பார்கள். லோபத்தனத்திற்குக் கொள்கை என்று பேர் வைத்துக்கொள்வது மிகவும் சுலபம். கொஞ்சம் பொறுங்கள். இந்த வழக்கம் முற்றி மரமாகி நிற்கிற தேசம் அமெரிக்கா. அங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐரோப்பாவிலே பிரபுக்கள் வேலைக்காரர்களுக்குச் சில்லறை வீசும் வழக்கத்தை, அங்கே சுற்றுப்பிரயாணம் போய்வந்த அமெரிக்கப் பணக்காரர்கள் தங்கள் நாட்டிற்கும் கொண்டுவந்தார்கள். அங்கே பலர் இதைப் பிரபுத்துவச் சின்னம், குடியரசுக்கு ஆகாதது என்று கண்டித்துமிருக்கிறார்கள். ஆனால் 1865-இல் உள்நாட்டு யுத்தம் முடிந்து கறுப்பு மக்களின் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தபோது, முதலாளிகளுக்கு இந்த வழக்கம் வெகு சௌகரியமாய்ப் போய்விட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு வேலை கொடுக்கவேண்டும், கூலி மாத்திரம் சரியாய்க் கொடுக்கக்கூடாது என்றால் என்ன வழி? "சம்பளம் சொற்பந்தான், மீதியைப் பிரயாணிகளிடம் வாங்கிக்கொள்" என்பதுதான் வழி. புல்மன் என்பவருடைய கம்பெனி இரயிலில் தூங்கும் வண்டிகள் விட்டது. அதில் படுக்கை போடவும், பூட்ஸ் துடைக்கவும் கறுப்பு மனிதர்களையே வைத்தார்கள். அந்த ஆயிரக்கணக்கான பேர்களையும் பிரயாணிகள் "ஜார்ஜ்" என்று ஒரே பேரால் கூப்பிட்டார்கள்; ஏனென்றால் முதலாளியின் பேர் ஜார்ஜ் புல்மன்! அடிமைக்கு ஆண்டையின் பேரை வைப்பது பழைய வழக்கம். அவர்கள் 1925-இல் பிலிப் ராண்டால்ப் தலைமையில் சங்கம் கண்டு, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். இனாம் கூடவேண்டும் என்று அவர்கள் போராடவில்லை. சம்பளம் கூடவேண்டும், வேலை மணி குறையவேண்டும் என்று போராடினார்கள்.

இதற்கிடையில் சட்டம் செய்தும் பார்த்தார்கள். 1909-இல் வாஷிங்டன் மாகாணம் இனாமைத் தடுத்துச் சட்டம் செய்தது. பிறகு இன்னும் சில மாகாணங்கள் செய்தன. 1926-க்குள் எல்லாம் போய்விட்டன. என் அபிப்பிராயம் என்னவென்றால், அவை போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இனாமை நிறுத்தச் சட்டம் செய்தவர்கள் அந்த இடத்தில் கூலியை வைக்கச் சட்டம் செய்யவில்லை. இலையைப் பறித்துக்கொண்டு, தட்டும் வைக்காமல் சாப்பிடச் சொன்ன கதைதான்.

1938-இல் அமெரிக்க சர்க்கார் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று சட்டம் செய்தபோது, ஓட்டல் தொழிலாளிகளை அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். 1966-இல் உள்ளே சேர்த்தார்கள்; ஆனால் எப்படி? சர்வருக்குக் கிடைக்கும் இனாமில் ஒரு பகுதியை முதலாளி கொடுத்த கூலியாகவே கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றொரு சந்து வைத்துச் சேர்த்தார்கள். அந்தச் சந்து இன்றைக்கு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மத்திய சர்க்கார் சட்டப்படி மற்றத் தொழிலாளிக்கு 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். இனாம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டியது 2.13 டாலர்தான், அதுவும் 1991 முதல் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. வித்தியாசம் 5.12 டாலர். நீங்கள் பெரிய மனது பண்ணி மேஜையில் வைக்கிற பணத்தில் மணிக்கு முதல் 5.12 டாலர் வரையில் முதலாளியின் கடனைத்தான் தீர்க்கிறது. இனாம் போதாமற்போனால் முதலாளி நிரப்பவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நிரப்பினாரா என்று கேட்கிற சர்வர் அடுத்த வாரமும் அங்கே வேலையில் இருப்பாரா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன். கலிபோர்னியா முதலான ஏழு மாகாணங்கள் இந்தச் சந்தை அடைத்து, எல்லோருக்கும் முழுக்கூலி என்று வைத்திருக்கின்றன. அங்கெல்லாம் ஓட்டல்கள் மூடிப்போய்விடவில்லை.

"நல்ல உபசரணைக்கு நல்ல இனாம், அதனால் வேலை சுத்தமாகும்" என்று சொல்லுகிறார்களே, அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்னெல் சர்வகலாசாலையில் மைக்கேல் லின் என்கின்ற பேராசிரியர் வெகுகாலமாக இதையே ஆராய்ந்து வருகிறார். உபசரணையின் தரத்திற்கும் இனாமின் அளவிற்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம் என்று கண்டார். அவரும் மற்றவர்களும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கறுப்பு சர்வர்களுக்கு வெள்ளைச் சர்வர்களைவிடக் குறைவாய் இனாம் கிடைத்தது. வெள்ளைக்காரர் மாத்திரமல்ல, சாப்பிட வந்த கறுப்பு மக்களும் அப்படியே கொடுத்தார்கள். ஜாதியைப் பார்த்துத் தனி டம்ளர் கொடுத்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1984-இல் வெளிவந்த வேறொரு சோதனையில், பரிமாறும் பெண் சில்லறை கொடுக்கும்போது வாடிக்கைக்காரரின் கையையோ தோளையோ லேசாகத் தொட்டால் இனாம் கூடிற்று என்று தெரிந்தது. தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் இனாம் வாங்கிப் பிழைக்கும் தொழிலாளிகளில் பெண்கள்தான் அதிகம். கூலி முதலாளியிடமிருந்து வந்தால், அசட்டுப் பேச்சுப் பேசுகிற வாடிக்கைக்காரனை அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கலாம். கூலியே அவன் கையில் இருந்தால் சிரிக்கத்தான் வேண்டும்.

ஜப்பானில் இனாம் வைக்கும் வழக்கமில்லை. அங்கே உபசரணை மோசம் என்று போய்வந்த யாரும் சொல்லுவதில்லை. பிரான்சில் விலைப்பட்டியலில் போட்ட விலைக்குள்ளேயே உபசரணைக் கட்டணமும் அடக்கம்.

ஆகையால் எவ்வளவு என்பதற்கு எல்லா ஊருக்கும் ஒரே கணக்குச் சொல்லமுடியாது. அந்த ஊரில் கூலி யார் தலையில் இருக்கிறது என்பதைக் கொண்டுதான் சொல்லவேண்டும். உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்து, நீங்கள் அங்கே போனால், நூற்றுக்கு இருபது வையுங்கள். 40 டாலர் பில்லுக்கு 8 டாலர். அங்கே வைக்காமல் வருவது கொள்கையாகாது. ஒருவருடைய உழைப்பை ஓசியில் சாப்பிட்டு வருவதாகும்.

நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இலும், நம் மாகாணத்தில் ஓட்டல் தொழிலாளிகளின் வேலை நேரம் முதலியவற்றிற்கான சட்டம் 1958-இலும் வந்தன. அமெரிக்கச் சந்து நம் சட்டத்தில் இல்லை. ஆனால் பெரிய ஓட்டல்காரர்கள் வேறொரு தந்திரம் கண்டார்கள். பில்லின் அடியில் "சர்வீஸ் சார்ஜ்" என்று நூற்றுக்கு ஐந்தோ பத்தோ தாங்களே போட்டுக்கொண்டார்கள். பேரைப் பார்த்து, இது சர்வருக்குப் போகிறதென்று நாமும் நம்பினோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் இதை யாரும் தாமாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, கொடுக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஓட்டல்காரர்கள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-இல் டில்லி ஹைகோர்ட்டு அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பணத்தைச் சர்வர் கையிலேயே கொடுங்கள்.

தொகை எவ்வளவென்றால், உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. காபி, டிபன் மட்டும் சாப்பிட்டால் பத்து ரூபாய்க்குக் குறையாமல் வையுங்கள். நூற்றுக்கு இவ்வளவு என்கின்ற கணக்கிலும் ஒரு கோணல் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்த் தட்டைத் தூக்கியவரைவிட இட்லி தூக்கியவர் குறைவாகவா நடந்தார்? ஆதலால் சின்ன ஓட்டலில் தாராளமாகவும் பெரிய ஓட்டலில் கணக்காகவும் இருப்பதுதான் நியாயம். நம்மில் அநேகர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரே! சர்வர் சிரித்தார், சிரிக்கவில்லை, கும்பிட்டார், கும்பிடவில்லை என்று பார்த்துக் கூட்டிக் குறைக்காதீர்கள். "டேய், இங்கே வா" என்று கூப்பிட்டுவிட்டு நூறு ரூபாய் வைப்பதைவிட, "வாங்க தம்பி" என்று கூப்பிட்டுப் பத்து ரூபாய் கொடுங்கள். அதையும் சோம்புத் தட்டில் எறியாமல் கையில் கொடுங்கள்.

இன்னொரு சங்கதி. இப்போது எல்லோரும் செல்போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டிவிடுகிறோம். அது நேரே முதலாளி கணக்குக்குப் போய்விடுகிறது. கையில் சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். வெளியே சாப்பிடப் போகிறவர்கள் பாக்கெட்டில் நாலு பத்து ரூபாய் நோட்டாவது வைத்துக்கொள்ளுங்கள். சர்வரிடம், "இது உங்களுக்கு மட்டுமா, எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பங்கு இல்லையென்றால், மேஜை துடைக்கிற பையனுக்கும், பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மாளுக்கும் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த அம்மாளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கும், அதற்குப் பின்னால் இருப்பார்.