வாயில் மனை: கல்லில் ஒரு பாயிரம்



மாநகருக்குக் கோபுரம் எவ்வாறோ, நூலுக்குப் பாயிரமும் அவ்வாறே என்பது நன்னூல் காட்டும் உவமை. பாயிரத்திற்கு ஒரு விந்தை உண்டு. பெரும்பாலும் நூல் முற்றிய பின்னரே அது எழுதப்பெறுகிறது; ஆயினும் படிப்போர் கண்ணில் முதலில் படுவது அதுவே. கட்டடக்கலையிலும் இத்தகைய பாயிரங்கள் உள. விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெருமாளிகைகள், பேராலய வளாகங்கள் முதலியவற்றின் நுழைவில் எழுந்த வாயில் மனைகள் அத்தகையன. 'கேட் லாட்ஜ்' என்பது ஆங்கில வழக்கு. கதவைத் திறந்து மூடும் கடமையுடையவர் தம் குடும்பத்தோடு வாழ்ந்த சிறு வீடு அது.

வட அயர்லாந்தின் ஆர்மா நகரில் இரு குன்றுகளின்மேல், புனித பேட்ரிக் பெயராலேயே இரு பேராலயங்கள் நிற்கின்றன. பழையது அயர்லாந்துத் திருச்சபைக்குரியது, மற்றது கத்தோலிக்கருடையது. பின்னதற்கு 1840 மார்ச் 17இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. தாமஸ் டஃப் வகுத்த திட்டப்படி சுவர்கள் எழுந்துகொண்டிருந்தபோது உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது, பணி நின்றது. 1848இல் டஃப் மறைந்தார். மறு ஆண்டு பேராயர் குரோலி காலராவுக்கு இரையானார். 1854இல் பணி மீண்டும் தொடங்கியபோது பொறுப்பேற்றிருந்த ஜே. ஜே. மெக்கார்த்தி, தமக்கு உகந்த பதினான்காம் நூற்றாண்டுக் கோதிக் பாணிக்குத் திட்டத்தை மாற்றினார். 1873 ஆகஸ்டு 24இல் ஆலயம் திறக்கப்பெற்றது. இடையே கழிந்தவை 33 ஆண்டுகள்.

அப்போதும் ஆயர் மன்றம், பெருவாயில், கோயிற்பிள்ளைக்கு உரிய மனை ஆகியவை எஞ்சியிருந்தன. 1887இல் பேராயராகப் பொறுப்பேற்ற மைக்கேல் லோக்கின் காலத்திலேயே அவை நிறைவேறின. பின்னர் எழுந்த மனை, வருவோரை முதலில் எதிர்கொள்கிறது.

இவ்வகை மனைகளுக்கு இலக்கண நூல்களும் இருந்தன. 1833இல் ஜே. சி. லவுடனின் கலைக்களஞ்சியமும், வாயில் மனைகளுக்கென்றே பி. எஃப். ராபின்சன் வரைந்த மாதிரி நூலும் வெளிவந்தன. செங்குத்தான கூரை, உயர்ந்த புகைபோக்கி, கூரை விளிம்பில் செதுக்கிய மரப்பலகை, சாலையை நோக்கிப் புடைத்த சாளரம் ஆகியவை அவற்றில் பயின்றுவருவன. இவற்றுள் எதுவும் வெற்றழகன்று. சரிந்த கூரை மழைநீரை விரைந்து வடிக்கும். விளிம்புப் பலகை கூரை மரத்தின் முனைகளைக் காக்கும். புடைத்த சாளரத்தில் இருப்பவர் சாலையின் இருபுறமும் வருவோரைக் காண்பார். பயனற்ற உறுப்பு எதுவும் கட்டடத்தில் இருத்தலாகாது என்று 1841இல் வற்புறுத்தியவர் பியூஜின். 'அயர்லாந்தின் பியூஜின்' எனப்பெற்றவர் மெக்கார்த்தி.

எனினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. பல வாயில் மனைகளில் அணியெல்லாம் புறத்தில் நின்றது. உள்ளே இரண்டு மூன்று சிற்றறைகளே இருந்தன. உடையவரின் பெருமையைச் சாலைக்கு அறிவித்த சுவர்களுக்குள் காவலரின் குடும்பம் நெருக்குண்டு வாழ்ந்தது. சொல்லணி மிகுந்து, உயிர் வாழ இடமில்லாத கவிதையும் இத்தகையதே.

இருபதாம் நூற்றாண்டில் வாயில் காப்போர் அருகினர். ஆளற்ற மனைகள் பாழடைந்தன, பல இடிக்கப்பெற்றன. 1994இல் ஜே. ஏ. கே. டீன் என்பார் அல்ஸ்டர் மாநிலத்து வாயில் மனைகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அதற்குள் மறைந்துவிட்டவையும் அதில் இடம்பெற்றன. பெருங்கோயிலைப் பற்றி எழுதப் பலர் உளர். அதன் வாயிலில் நிற்கும் சிறுமனையைப் பற்றி எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்தில் இதனை நினைத்தல் பொருந்தும். புதிதாய் எழுத வருபவர் முதலில் காண்பது பேரிலக்கியத்தின் கோபுரத்தை அன்று; கதவைத் திறந்துவிடும் ஒருவரின் முகத்தையே. அந்த வாயிலில் எப்போதும் ஒரு விளக்கு எரிதல் வேண்டும்; உள்ளே ஆளும் இருத்தல் வேண்டும்.