மதில் எழுந்தால் ஊர் எழுந்ததாகுமா?

(யூபிலி விழா உரை)



இடிந்த எருசலேமின் மதிலை நெகேமியா 52 நாளில் கட்டி முடித்தார். ஆயினும் உள்ளே வீடுகள் இல்லை, மக்களோ சிலரே. பின்னர் சீட்டுப் போட்டு, பத்துப் பேரில் ஒருவரை அங்கே குடியேற்றினார்கள். மதில் வேறு, ஊர் வேறு என்பதை இதிலே காண்கிறோம்.

நம் தமிழகத்திலும் இதைக் கண்டோம். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை விழுங்கின. இலங்கைக்குக் கப்பலேறிய துறை, ரயில் நிலையம், தபால் ஆபீஸ், கத்தோலிக்க ஆலயம் யாவும் பாழாயின. ரயில் ஒன்று பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் குழுவினர் 46 நாளில் சீர்செய்தனர். ஊரோ, வாழத் தகாதது என அறிவிக்கப்பட்டது. பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் மாமல்லபுரக் கரையையும் தாக்கியது. மறு ஆண்டு அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அப்பால் போனால் இலவச வீடு. அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்க்கலாம், அரசு உதவி கிடையாது. அப்பால் போனால் தொழில் தூரம். இருந்தால் அலை அருகே. இந்தச் சுமையைத் தாங்குவோர் மீனவர் அல்லவா? அவர்களைக் கேளாமல் வீடு கட்டலாம். ஊர் கட்ட முடியாது.

யூபிலிக்காக ஆலயத்துக்கு வெள்ளையடித்தோம், நன்று. அடுத்த புயல் வருமுன் கரையோரக் குடும்பங்களை அழைத்து, எங்கே, எப்படி வாழ விரும்புகிறார்கள் எனக் கேட்போம். எருசலேமில் பலர் தத்தம் வீட்டெதிரே மதில் கட்டினார்கள். நாமும் நம் வாசலிலிருந்து தொடங்குவோம். ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக!