மெலிவும் நோயும்: உண்ணல் கோளாறுகளை இனங்காணும் முறை



கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. பாலக்காட்டின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இடுக்கியின் மூணாறுப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன. இவ்விடங்களில் பணியாற்றும் ஒருவரிடம் மெலிந்த சிறுமி ஒருத்தி அழைத்து வரப்படுகிறாள் எனக் கொள்வோம். அவள் உணவின்றி மெலிந்தாளா? உடல் நோயால் மெலிந்தாளா? உணவிருந்தும் உண்ண மறுத்து மெலிந்தாளா? நோய் நிர்ணயம் இக்கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது.

முதற் காரணத்தை நாம் நன்கறிவோம். 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் நிகழ்ந்த பச்சிளங் குழந்தைகளின் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. அப்பகுதியில் அரிவாள் அணு இரத்தசோகை என்னும் பரம்பரை நோயும் காணப்படுவதால், இரண்டாவது காரணத்தையும் மறத்தலாகாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவாகும். இதனை அறிய ஓர் அளவு நாடா போதும்.

மூன்றாவது காரணம் நாடாவுக்கு அகப்படாது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் இதனை ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்றழைத்தார். மிகையாக உண்டு, பின்னர் வாந்தி முதலியவற்றால் அதனை ஈடுசெய்யும் ‘புலிமியா’வை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் விவரித்தார். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, இவ்விரண்டுடன் கட்டுப்பாடின்றி மிகையாக உண்ணுதல், சில உணவுகளையோ உணவின் அளவையோ மிகவும் குறைத்துக்கொள்ளுதல், மண் போன்ற உணவல்லாதவற்றைத் தின்னும் ‘பைக்கா’, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொணர்தல் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது.

இவ்வகைப்பாட்டின்படி அனோரெக்சியா எனக் கூறுவதற்கு எடை கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும்; பெரியவர்களுக்கு உடல் நிறை எண் 18.5க்குக் கீழ் என்பது ஒரு வரம்பு. எடை கூடாதபடி தடுக்கும் நடத்தையும் தொடர வேண்டும். இவற்றோடு, அக்குறைவு உணவு கிடைக்காமையாலோ வேறு நோயாலோ ஏற்பட்டதாக இருத்தலாகாது. நமது மலைப்பகுதிகளுக்கு இந்நிபந்தனையே மிக முக்கியமானது.

ஆசிய நாடுகளில் இந்நோயுற்றோர் பலர் பருமனாகிவிடுவோம் என்ற அச்சத்தைக் கூறுவதில்லை. வயிறு நிறைந்துள்ளது, பசியில்லை என்றே சொல்கின்றனர். எனவே அவ்வச்சம் இல்லையென்பதால் மட்டும் நோயில்லை என முடிவு செய்தல் தவறு.

தவறான நிர்ணயம் இருபுறமும் தீங்கானது. பட்டினியால் மெலிந்தவளைப் பிடிவாதக்காரி என்றால் அரிசி சேர வேண்டிய வீட்டிற்கு அறிவுரை சேரும். மனநோயால் மெலிந்தவளுக்குச் சத்துமாவு மட்டும் அளித்தால் சிகிச்சை தாமதமாகும். இரு நிலையிலும், நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

ஆகவே எடையைக் குறித்துக்கொள்வதுடன் பணி முடிந்துவிடாது. வீட்டில் அடுப்பெரிகிறதா, அவள் உண்கிறாளா, உண்ணாவிடில் ஏன் என்பதை அவளுடைய மொழியிலேயே, தனியே அமர்த்திப் பொறுமையுடன் கேளுங்கள். பதிவேட்டில் எழுதும் பெயரைப் பொறுத்தே அவளுக்குக் கிட்டும் உதவி அமையும்.