பாலக்காட்டுக் கணவாயில் பழங்கற்கால மனிதன்



கேரளத்தில் பழங்கற்கால மனிதன் வாழவில்லை என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதற்குக் காரணங்களும் கைவசம் இருந்தன. அடைமழை, அடர்காடு, காட்டு விலங்கு; எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவி செய்வதற்கு ஏற்ற குவார்ட்சைட் கல் இங்கே இல்லை என்ற வாதம். சென்னைப் பக்கம் கதையே வேறு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. இருபுறமும் செதுக்கிய, பார்த்ததும் மனிதன் செய்தது என்று தெரிந்துவிடுகிற கைக்கோடாரிகள் அங்கே கிடைத்தன. பிறகு அதுவே அளவுகோலாயிற்று. அந்த வடிவில் ஒன்று கண்ணில் படாத நாட்டில் ஆளே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

1970களில் பாலக்காடு மாவட்டத்தில் தேடிய தொல்லியலாளர் பி. இராஜேந்திரன் வேறு கல்லைப் பார்த்தார். காஞ்சிரப்புழைப் பகுதியில் அவர் கண்டவை வெங்கச்சாங்கல்லில் ஆன கருவிகள். வரப்பிலும் ஆற்றங்கரையிலும் நாம் காலால் எற்றிவிட்டுப் போகிற அதே வெள்ளைக் கல்தான். குவார்ட்சைட் பெரும்பாலும் அடித்தவன் நினைத்தபடி சில்லாகத் தெறிக்கும். வெங்கச்சாங்கல் அப்படியில்லை, உள்விரிசல் எங்கே இருக்கிறதோ அந்த வழியில் பிளந்துகொள்ளும். அதனால் வெள்ளத்தில் உருண்டு உடைந்த கல்லா, மனிதக் கை உடைத்த கல்லா என்று பிரித்தறிவது பெரும்பாடு. விளிம்பைப் பார்க்க வேண்டும். ஒரே ஓரத்தில் அடுத்தடுத்து நாலைந்து சில்லு தெறித்த வடு இருக்கும். அடி விழுந்த இடம் நசுங்கியிருக்கும். கையில் பிடிக்கிற பக்கம் மட்டும் கூழாங்கல்லின் வழவழப்பு அப்படியே மிஞ்சியிருக்கும். ஒற்றைக் கல்லைக் காட்டினால் எவரும் சந்தேகப்படலாம். அதே முறையில் உடைத்த பல கற்கள் ஓரிடத்தில் கிடந்தால் ஆற்றின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது.

அமெரிக்கக் கண்டங்களிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. நியூ மெக்சிகோவில் குளோவிஸ் என்ற ஊருக்கு அருகே கிடைத்த, அடிப்புறம் பள்ளம் செதுக்கிய ஈட்டிமுனைகள் சுமார் 13,000 ஆண்டுப் பழமையானவை. அவற்றைச் செய்தவர்களே அங்கே முதற்குடிகள் என்ற முடிவு பல பத்தாண்டுகள் அசையவில்லை. சிலியின் மோன்டே வெர்டேயில் தொல்லியலாளர் டாம் டில்லஹே ஏறத்தாழ 14,500 ஆண்டுக் கணக்கோடு வந்தபோது நம்ப ஆளில்லை. அங்கே மரக்கம்பு, முடிச்சுப் போட்ட கயிறு, கடற்பாசி எல்லாம் கரிச்சேற்றுக்கு அடியில் மக்காமல் இருந்தன. ஆனால் எதிர்பார்த்த ஈட்டிமுனை இல்லையே! 1997இல் அறிஞர் குழு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பு தளர்ந்தது. பிறகு 2021இல் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் கிடைத்த மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு என்று கணித்தார்கள். தடத்தோடு சேர்ந்திருந்த நீர்ப்புல் விதைகளை வைத்துக் கணித்தது சரியா என்று கேள்வி எழுந்தது. ஊசியிலை மர மகரந்தத்தையும் படிவில் இருந்த வெங்கச்சாங்கல் துகள்களையும் சோதித்து 2023இல் பதில் சொன்னார்கள்.

பாலக்காட்டுக் கருவிகளுக்கு அப்படிச் சோதித்து வயது கணிக்கும் வசதி குறைவு. நம் அமில மண்ணும் மழையும் எலும்பைக் கரைத்துவிடுகின்றன. நிலத்தின் மேல் கிடக்கும் கல்லுக்குத் தானாக வயது வந்துவிடாது. அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சொல்ல முடிந்தது, ஆழமாகத் தோண்டி அடுக்கு அடுக்காகப் படிவுகளைச் சோதித்ததால்தான். அந்த எண்ணைத் தூக்கி வந்து காஞ்சிரப்புழைக்கு மாட்டக் கூடாது. நமக்கு ஊர்ப்பற்று அதிகம், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேரள-தமிழக எல்லைப்புறத்தில் பழமை என்றாலே மறையூர் முனியறையைக் காட்டுகிறோம். வெறும் பாறையில் குழி தோண்ட வழியில்லாமல், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிய ஈமச்சின்னங்கள் அவை. மலம்புழை அணைப்பகுதித் தீவுகளில் 110க்கும் மேற்பட்ட பெருங்கற்சின்னங்கள் இருப்பதாக இந்தியத் தொல்லியல் துறை 2025இல் அறிவித்தது. இரண்டுமே இரும்புக்கால மரபு. வெங்கச்சாங்கல்லை உடைத்தவனுக்கு இந்தப் பலகைக்கல்காரன் நேற்றுப் பிறந்த பிள்ளை.

இனி எங்கே தேடுவது? மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. ஆனால் ஆய்வு வரைபடங்கள் பெரும்பாலும் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. உடுமலைப் பக்கமும் மறையூர்ப் பக்கமும் சேர்ந்து, ஆற்றின் பழைய கரைமேடுகளை ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகப்படும்படியான கல் கண்ணில் பட்டால் பைக்குள் போடாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறியுங்கள், அது எந்த மண்ணில் பதிந்திருக்கிறது என்று எழுதுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிட்டு உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.